பத்தெழுத்து

மே தின நகரில் பெயர்கள் எல்லாம் பத்தெழுத்தோடு நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை முற்பகலில், பெண்கள் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுகிற நேரத்தில். மூன்றாம் தெரு இசக்கியம்மாள் எதிர்வீட்டைப் பார்த்து "ஏட்டி முத்துலட்ச" என்று கூப்பிட்டவள், அதற்குமேல் வாய் போகாமல், கதவு திறக்காத பஸ்ஸில் இறங்க நிற்கிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள்.

"என்னட்டி, எம்பேர்ல பாதியத் தின்னுட்ட?" என்றாள் எதிர்வீட்டு முத்துலட்சுமி.

"நான் எங்க தின்னேன், வாய் அதோட நிக்குது. எங்க, நீ எம்பேரச் சொல்லு பாப்போம்."

"இசக்கியம்ம." அவள் இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். "இசக்கியம்ம. அட, ஆமா."

"சரி, தூள் மிச்சம் இருந்தா ஒரு கை குடு."

இரண்டு பேரும் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார்கள்.

நகரின் வடக்கு எல்லைக்கல்லைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போனால் பெயர்கள் முழுதாக வந்தன. கல்லுக்கு உள்ளே காலை வைத்ததும், உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, எவன் வாயிலும் பத்தோடு நின்றன. இந்தக் கதை கல்லுக்கு வெளியே எழுதப்படுவதால் ஆட்களின் பெயரை முழுதாக எழுத முடிகிறது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தின நாள்தான் நகரின் இணையதளத்துக்குப் பெயர் விதி வைத்திருந்தார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள அந்த நகரத்தின் நடுவே, நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் பீடித் தொழிலாளிகள் முள்ளுக்காட்டை வெட்டிக் குடியேறி, தடியடி வாங்கி, மறுபடி வெட்டி, மறுபடி குடியேறிய அந்த மண்ணின் நடுவே, ஒரு புறவழிச்சாலைக்குக் கோடு போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வீடுகள் ஆட்சேபணை பதிந்தால் கோட்டை நகர்த்துவோம் என்று அறிவிப்பில் கண்டிருந்தது. பாதிக்கு மேல் என்றால் இருநூற்று ஏழு. திருப்பூரிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் சிதறிக் கிடக்கிற பிள்ளைகளையும் சேர்த்துப் பெயர்களையும் பழைய படங்களையும் ஒரே இடத்தில் திரட்டத்தான் இணையதளம். சாலைக்கு நிலம் எடுக்க வந்த அதிகாரியும், கணினியில் பெயர் பதிந்தால் எனக்கும் வேலை மிச்சம், அதையே பதிவேடாக எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

படிப்பகத்தில் கூடிய கமிட்டிக்குத் தலைவர் தோழர் மங்கையற்கரசி. வயது அறுபத்தேழு. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. பீடி சுற்றுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவர் உரக்க வாசித்த துண்டறிக்கைகளைக் கேட்டு, பிறகு அவற்றைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டி, பிறகு தானே எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு துண்டறிக்கைகள் வரை வந்தவள். செயலாளர் தோழர் ஆதிமூலம், அந்த இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் தலைப்பு எழுதியவர். இவள் உடம்பு எழுத அவர் தலை எழுத, ஒரே வழக்கில் ஒரே நாளில் சிறைக்குப் போய் ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தவள் ஜெராக்ஸ் கடை ரெஜினா.

"அக்கா, பயனர் பெயருக்கு எத்தனை எழுத்து வைக்கணும்? ஒரு விதி போடலன்னா ஆளாளுக்கு நீட்டிக்கிட்டே போவாங்க" என்றாள் ரெஜினா.

மங்கையற்கரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதை நீட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாதிப் பட்டத்தை நீட்டுவார்கள். இந்த நகரில் பெயருக்கு வால் கிடையாது என்பதுதான் குடியேறிய அன்று ஒட்டிய முதல் துண்டறிக்கையின் முதல் வரி. அப்படியிருந்தும் கொஞ்ச காலமாகக் கல்யாண பேனர்களில் வால்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அவள் தன் பெயரை விரல் விட்டு எண்ணினாள். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தை எண்ணிப் பழகிய விரல்கள் அவை, அங்கே 'ங்' ஒரே துண்டு, 'சி' ஒரே துண்டு. எட்டு வந்தது.

"பத்து வை. எம்பேரே எட்டுதான். பத்துக்கு மேல ஒருத்தனுக்கும் கிடையாது. வால் வைக்க எடமே இருக்கப்படாது."

"ஒருத்தருக்கு ஒரு பேர். ஒருத்தர் எடுத்த பேரை இன்னொருத்தர் எடுக்க முடியாது. அதையும் சேத்துக்கிடுவோம்" என்றார் ஆதிமூலம். முதல் விதியைத் தோழர் மங்கையற்கரசி முன்மொழிந்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் அழகாக எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

ஆனால் அந்த மெஷின் அச்சுக்கூடத்தில் படித்த மெஷின் இல்லை. அதற்குப் புள்ளி ஓர் எழுத்து, கால் ஓர் எழுத்து, கொம்பு ஓர் எழுத்து, விசிறியும் சுழியும் ஆளுக்கோர் எழுத்து. 'ங்' என்றால் இரண்டு, 'கை' என்றால் இரண்டு. எட்டெழுத்து மங்கையற்கரசி அதன் கணக்கில் பன்னிரண்டாகி, பத்தில் வெட்டுப்பட்டு, மங்கையற்கர ஆனாள்.

நகரம் அதைச் சுருக்காகவே பழகிக்கொண்டது. மாரியப்பன்கள் தப்பினார்கள், சரியாகப் பத்து. அந்தோணியம்மாள் அந்தோணியம் ஆகி, ஏதோ ஒரு சித்தாந்தம் போலத் தெருவில் நடந்து போனாள். கறிக்கடை முகைதீன் அப்துல் காதர் 'முகைதீன் அ' ஆனார். அவரைக் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் முடிவில் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டியிருந்ததால், பல் வைத்தியரிடம் வந்திருக்கிறீர்களா என்று அவரே கேட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு பாதி நேரத்தில் முடிந்தது. கோவிலில் அர்ச்சனைக்குக் கொடுத்த பெயர்கள் பாதியில் நிற்க, மிச்சம் அம்மனுக்குத் தெரியும் என்றார் பூசாரி. பேனாவும் பத்தில் நின்றதால் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் நிறைய வெள்ளை இடம் கிடந்தது, அங்கே ஒரு தாமரைப்பூ போட்டார்கள். சண்முகசுந்தரமும் அவன் தங்கை சண்முகசுந்தரியும் ஒரே 'சண்முகசுந்' ஆகிவிட, வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் வரவில்லை. வால்கள் போனதா என்றால் போகவில்லை. இரண்டெழுத்துப் பெயர்க்காரர்கள் மிச்ச இடத்தில் வாலை வசதியாகச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். நெடிய பெயர் வைத்துக்கொண்ட ஏழைகளுக்குத்தான் உடம்பு போயிற்று.

அதைப் பார்த்துத்தான் மங்கையற்கரசிக்குச் சுருக்கென்றது. விதியை இருபதாக உயர்த்த வேண்டும் என்றாள்.

"வச்ச விதியை மாத்த பொதுக்குழு கூட்டணும் தோழர்" என்றார் ஆதிமூலம். "நூறு பேர் இருந்தாத்தான் கோரம், கூட்டம் செல்லும். நம்ம போட்ட அமைப்பு விதிதான. ஞாயித்துக்கிழமை கூட்டிருவோம். அதுக்குள்ள படத்துக்கும் ஒரு அளவு வச்சிரட்டும், பிள்ளைங்க கண்டதையும் ஏத்துதுங்க. இருநூறு கேபி. அதுக்கு மேல போனா ஓரத்தைக் கத்தரிச்சிட்டு ஏத்திக்கிடும்."

இருநூறு என்பது அவளுக்குப் பெரிய எண்ணாகத்தான் பட்டது. சரி என்றாள்.

சனிக்கிழமை காலையில் நகரின் கண்களுக்கு ஓரம் இல்லாமல் போயிற்று. ஒரே பார்வையில் ஒன்பது முகத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. பத்தாவது முகம் இருக்கிற இடத்தில் சுவரோ வானமோ வேப்பமரமோ எது பின்னால் இருந்ததோ அது தெரிந்தது. மைதானத்தில் பதினோரு பேர் பந்து பொறுக்க நின்றதில் இரண்டு பேர் தெரியாமல் போக, தெரியாத இடத்துக்கு அடித்த பந்தெல்லாம் கேட்ச் ஆனது. அன்றைக்கு ஆட்டத்தில் வந்த சண்டை தெரியாத ஆட்களோடு நடந்தது. மினிபஸ் காலியாக வருகிறதென்று ஏறி உட்கார்ந்தவர்கள் அடுத்தவர் மடியில் உட்கார்ந்தார்கள். மூன்றே நாளில், உட்காருமுன் சீட்டைக் கையால் தடவிப் பார்ப்பது அங்கே மரியாதையாகிவிட்டது. பெரிய குடும்பத்துக்காரர்கள் இரண்டு பந்தியாகச் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகையில் ஒரே ஒரு வரிசைதான் தெரிந்தது, ஆமீன் மட்டும் ஊரளவுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு அறுநூறு பேர் வந்தார்கள். செருப்புச் சத்தத்திலும் வெற்றிலை வாசனையிலும் அது அறுநூறு என்று மங்கையற்கரசிக்குத் தெரிந்தது. நாற்பது வருஷமாகக் கூட்டத்தை முதுகால் எண்ணத் தெரிந்தவள் அவள். ஆதிமூலம் மேடையில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

"ஒன்பது பேர். கோரம் இல்ல. கூட்டம் ஒத்திவைக்கப்படுது."

"ஏ ஆதிமூலம் அண்ணாச்சி, நாங்கள்லாம் ஆவியா?" என்று தெரியாத பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பேர் சொல்லிப் பேசுங்க தோழர்."

"சங்கரநாராய" என்றது குரல். அறுநூறு பேர் சிரித்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒன்பது என்று எழுதப்பட்டது. அடுத்த ஞாயிறும் ஒன்பது. அதற்கடுத்த ஞாயிறும் ஒன்பது. எழுதிவைத்த விதியை மீறுவது முதலாளி வேலை என்று அந்த ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே மங்கையற்கரசிதான். ஆகவே ஒருவரும் மீறவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் ஒழுங்காக வந்து, ஒழுங்காகக் கலைந்தார்கள்.

நாலாவது வாரம் அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"நீயே மாத்திரு ரெஜினா. பாவமோ பழியோ என்மேல இருக்கட்டும்."

"கடவுச்சொல் செயலாளர் தோழர்ட்டல்லா இருக்கு. எங்கிட்டயிருந்து அன்னைக்கே வாங்கிக்கிட்டாரு." ரெஜினா தாள்களைத் தட்டி அடுக்கினாள். "அக்கா, நான் அப்பமே அவர்ட்ட சொன்னேன். புள்ளியையும் கொம்பையும் மெஷின் தனித்தனியா எண்ணும், பத்து பத்தாது, அக்காட்ட சொல்லிருங்கன்னு. எனக்குத் தெரியும்மா, தலைவர் சொன்னபடியே வைன்னுட்டாரு. உங்களுக்கும் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

மங்கையற்கரசி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் அவள் முகத்தில் போய் வந்து போய் வந்து, யாருடைய ரேஷன் கார்டையோ பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

ஆதிமூலம் தன் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் வச்சீங்களா தோழர்?"

அவர் பேப்பரை மடித்தார். என்ன என்று கேட்கவில்லை. "நீங்கதான பத்துன்னீங்க."

"எண்ணத் தெரியாமச் சொன்னேன். உங்களுக்கு எண்ணத் தெரிஞ்சிருந்தது."

"எம்பேரு எட்டோட முடிஞ்சிருது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "கோபப்படாமக் கேளுங்க. ரோடு வரத்தான் போவுது. தோக்கப்போற சண்டைக்கு ஆள் சேக்கிறது பாவம். ஆத்துக்கு அந்தப் பக்கம் மாடி வீடு கட்டித் தாரேங்கான், உள்ளேயே கக்கூஸு, உள்ளேயே தண்ணி. மறுகுடியமர்வுக் குழுவுல நானும் இருப்பேன், நம்ம ஆளுகளைக் கைவிட்டுற மாட்டேன். இன்னும் எத்தனை வருஷம் இந்தச் சனத்தை ரோட்டுலயே உக்கார வைக்கப்போறீங்க?"

"சனத்துட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உங்க பின்னால வந்துருவாங்கள்லா" என்றார் ஆதிமூலம்.

முதலாளியைப் பற்றி, மந்திரியைப் பற்றி, லத்தியைப் பற்றி, கருங்காலியைப் பற்றி அவள் எழுதியிருக்கிறாள். எந்தத் துரோகத்தைப் பார்த்தாலும் அவளுக்குள் ஒரு துண்டறிக்கை தானாக ஓட ஆரம்பித்துவிடும், அவள் தலைப்புக்காக அவரிடம் போவாள். அன்றைக்கும் உள்ளே ஓட ஆரம்பித்தது. தலைப்புக்கு யாரிடம் போவதென்று தெரியாமல் அது நின்றது.

கருத்துக் கேட்பு நாள் வந்தது. கூட்டத்தைக் கல்லுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் வைக்கச் சொல்லி அவள் மனு கொடுத்திருந்தாள். மக்கள் வசதிக்காக நகருக்குள்ளேயே நடத்த நகர்ச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி, என்று பதில் வந்திருந்தது.

அதிகாரி மைதானத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு ஆதிமூலம். அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊரே திரண்டு வரும்னு எழுதியிருந்தீங்க. ஒம்பது பேர்தானம்மா இருக்காங்க?" என்றார், கேலி இல்லாமல்.

"ஒம்பது ஒம்பதா வருவாங்க. நீங்க எழுதிக்கிட்டே இருங்க" என்றாள் மங்கையற்கரசி.

அப்படித்தான் வந்தார்கள். வெளியூர் போனவர்கள் போக மிச்சம் முன்னூற்று அறுபது வீடு, ஒன்பது ஒன்பதாக நாற்பது வரிசை. ஒரு வரிசை மேஜைக்கு முன் வந்து நின்று, பெயர் சொல்லி, ஆட்சேபணை என்று சொல்லி, கண்ணுக்குத் தெரியாத பக்கமாக விலகிப் போக, அடுத்த ஒன்பது பேர் காற்றிலிருந்து பிறந்ததுபோல முன்னால் வந்தார்கள். முதல் இசக்கியம்மாள் பதிவானாள். இரண்டாவது இசக்கியம்மாளுக்கு ஆதிமூலம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு."

"அது மூணாந்தெரு இசக்கியம்ம. நான் ஆறாந்தெரு இசக்கியம்ம."

"மெஷினுக்குத் தெரு தெரியாது."

"அப்பம் ரோசான்னு போடும்வே. சின்னதாத்தான இருக்கு."

"ரேஷன் கார்டுல உள்ள பேர்தாம்மா" என்றார் அதிகாரி.

சண்முகசுந்தரம் பதிவானான், தனி வீடாகப் போயிருந்த தங்கை ஏற்கெனவே இருந்தாள். முத்துலட்சுமி பதிவானாள், முத்துலட்சுமணன் ஏற்கெனவே இருந்தான். பேச்சியம்மாள்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஏற்கெனவே இருந்தார்கள். வாழ்கிற ஆளைப் பார்த்து நீ ஏற்கெனவே இருக்கிறாய் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற அந்த வேலையை ஆதிமூலம் குரல் உயர்த்தாமல், நீ என்று ஒருவரைக்கூடச் சொல்லாமல் செய்தார். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்தது. நாற்பதாவது வரிசையில் எட்டுப் பேர் முடிந்தபோது கணக்கு இருநூற்று ஆறில் நின்றது. ஒன்பதாவதாக மங்கையற்கரசி நின்றாள்.

மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"மங்கையற்கர" என்றாள். "ஆட்சேபணை."

ஆதிமூலத்தின் விரல்கள் தட்டவில்லை. அவர் மடிக்கணினியை அதிகாரி பக்கம் மெல்லத் திருப்பினார். அதிகாரி குனிந்து வாசித்தார். "இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கேம்மா. விதி வச்ச அன்னைக்கே பதிவாகியிருக்கு. நகர்த் தலைவர் மங்கையற்கர, புறவழிச்சாலைக்கு முழுச் சம்மதம்."

"அது நான் எழுதல."

"உங்க பேர்ல இருக்கு."

"அது எம்பேர் இல்ல. எம்பேரு..." அவள் வாயைத் திறந்து, உள்ளே இருக்கிற அந்தக் கடைசி எழுத்தை நாக்கால் தள்ளினாள், கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினாள். "மங்கையற்கர."

"அதைத்தாம்மா நானும் வாசிச்சேன்."

பின்னாலிருந்து மைதானம் முழுவதும் அவளுக்காகக் கத்தியது. ஆயிரம் வாய்கள் ஒரே குரலில் மங்கையற்கர, மங்கையற்கர என்று கத்தி, ஒரே இடத்தில் நின்றன. அவளைக் காப்பாற்ற எழுந்த ஒவ்வொரு குரலும் அந்தச் சம்மதத்துக்கே சாட்சி சொன்னது. அதிகாரி இருநூற்று ஆறு என்று எழுதி, கோப்பை மூடினார்.

அவள் அழவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, மைதானத்துக்குக் குறுக்கே, படிப்பகச் சந்து வழியாக, எல்லைக்கல்லைத் தாண்டி ஓடினாள். அறுபத்தேழு வயதில் ஓடினாள். ஜீப் சுற்றிக்கொண்டு கல்லைத் தாண்டியபோது தார்ரோட்டின் நடுவில் நின்றாள். அதிகாரி இறங்கினார். பின் சீட்டிலிருந்து ஆதிமூலமும் இறங்கினார்.

"மங்கையற்கரசி" என்றாள். இரண்டு மாதமாகச் சொல்லாத பெயர், தொண்டையில் உரசிக்கொண்டு வந்தது. "மங்கையற்கரசி. அதுதான் எம்பேரு. அந்தச் சம்மதத்துல இருக்கிறது வேற பேரு. திரும்பிப் பாருங்க."

அதிகாரி திரும்பினார். கல்லுக்கு வெளியே அவர் கண்ணுக்கு ஓரம் திரும்ப வந்திருந்தது. மைதானம், மைதானத்தின் சுவர், சுவர்மேல், தண்ணீர்த் தொட்டிமேல், தெருக்களின் முனை வரை, தலை தலையாக ஜனம் நின்றது. அவர் வெகுநேரம் பார்த்தார். நேர்மையான மனுஷன்தான், மூடிய கோப்பை மறுபடி திறந்து, ஜீப்பின் முகப்பில் வைத்து, பேனாவை எடுத்தார்.

"பேர் வேறன்னா அந்தச் சம்மதம் செல்லாது. உங்க ஆட்சேபணையை ஏத்துக்கிடலாம். ஆனா நீங்க சொன்னா மட்டும் பத்தாதும்மா, உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லணும். செயலாளர், உங்களுக்கு இவங்களை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"நாப்பத்தஞ்சு" என்றார் ஆதிமூலம்.

"இவங்க பேரைச் சொல்லுங்க."

ஆதிமூலமும் அந்த ஜனத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கல்லுக்கு வெளியே, எந்த விதியும் எவன் வாயையும் கட்டாத அந்த ரோட்டில், பஸ்ஸுக்கு நின்ற யாரோ யாரையோ நீளமாக, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோழர் மங்கையற்கரசி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மங்கையற்கர" என்றார் ஆதிமூலம், அங்கே அவராகவே நிறுத்திக்கொண்டார்.